நார்வே கப்பல் பயணம்: எழுபது தாண்டிய அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

பூதப்பாண்டி_வயல்:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதுதான் என் முதல் இழை.

தங்கச்சி ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் நர்ஸாக இருக்கிறாள், போய் மூன்று வருஷம் ஆகிறது. அவளைப் பார்க்கக் குடும்பமாகப் போகலாம் என்று முடிவு செய்தபோது அவளே ஒரு யோசனை சொன்னாள். அங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போனால் கீல் என்று ஒரு துறைமுகம், அங்கே கப்பல் ஏறினால் நார்வே கடற்கரை ஊர்களைச் சுற்றிக் காட்டி ஏழு இரவில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். நாங்கள் ஆறு பேர். அப்பாவுக்கு 74, இடது முட்டு வலி, படி என்றால் நின்று நின்றுதான் ஏறுவார். அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். பையன் ஒன்பதாவது, மகள் மூன்றாவது.

அப்பாதான் பிடி கொடுக்கமாட்டேன் என்கிறார். "கடல் பார்க்க எதுக்குலே அவ்வளவு தூரம், பஸ் ஏறினா கன்னியாகுமரி" என்று ஒரே வார்த்தை. வாழ்க்கை முழுக்க நெல்லும் வாழையுமாக வயலில் நின்றவர். எனக்கோ அவர் கால் நடக்கும்போதே ஒரு முறை எங்காவது கூட்டிப் போய்விட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. போனவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எந்த மாதம் நல்லது? முதியவர்களால் முடியுமா? இதைவிட அலாஸ்கா நல்லது என்கிறார்கள், அது எப்படி?

கருங்கல்_2:

அந்தப் பணத்துக்கு அந்தமான் போய்விட்டு மிச்சத்தில் வீட்டுக்கு ஒரு அறை கட்டலாம். கோபப்பட வேண்டாம், மனதில் பட்டதைச் சொன்னேன்.

முட்டம்_கலங்கரை:

கருங்கல் நண்பரே, அறையை அடுத்த வருஷமும் கட்டலாம், 74 வயசு அப்பாவைப் பத்து வருஷம் கழித்துக் கூட்டிப் போக முடியாது.

பூதப்பாண்டி தம்பி, நாங்கள் இரண்டு வருஷத்துக்கு முன் மே மாசம் இதே பக்கம் போய் வந்தோம். என் அப்பா கடல் தொழில் பார்த்தவர், கட்டுமரத்தில் தொடங்கி வள்ளம், அப்புறம் எஞ்சின் வைத்த படகு. உங்கள் அப்பா சொன்னதைத்தான் அவரும் சொன்னார், வேறு பாஷையில்: "நான் பாக்காத கடலா?" ஆனால் நார்வே என்ற பெயர் மட்டும் அவருக்குப் புதிதில்லை. 1950களில் கொல்லம் பக்கம் நீண்டகரையில் இந்தோ-நார்வே மீன்பிடித் திட்டம் நடந்ததே, எஞ்சின் படகும் இழுவலையும் அந்த வழியாக இந்தப் பக்கம் பரவியதைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். அந்த நாட்டைக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

முதலில் மாதம். எங்கள் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, தொழில்காரர்களுக்கு அதுதான் தோது. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே லீவு. நீங்கள் மே மூன்றாம், நான்காம் வாரத்தைப் பாருங்கள். மலை உச்சியில் பனி உருகுகிற நேரம் அது, அருவி எல்லாம் முழுசாகக் கொட்டும், ஆகஸ்டில் போனவர்கள் பாதி அருவி நூல் மாதிரிதான் இருந்தது என்றார்கள். மே 17 அவர்களுடைய தேசிய நாள், அன்று ஏதாவது ஊரில் இறங்கினால் கிழவி முதல் கைக்குழந்தை வரை பாரம்பரிய உடையில் ஊர்வலம் போவதைப் பார்க்கலாம், ஆனால் கடை திறந்திருக்காது. சூரியன் மறைய ராத்திரி பத்து மணி தாண்டும். பிள்ளைகள் தூங்கமாட்டார்கள், ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுங்கள்.

அடுத்து விசா. கீலில் ஏறி கீலில் இறங்குவதால் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, ஒன்றே போதும், நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும் ஷெங்கனில் உண்டு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். மார்ச், ஏப்ரலில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது, ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45 யூரோ. கைரேகை வைக்க நேரில் போக வேண்டும், 12 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ரேகை கிடையாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஆனால் பெரியவர்களுக்கு அந்தக் குறைந்தபட்சத்தோடு நிற்காதீர்கள். சர்க்கரை வியாதியை மறைக்காமல் எழுதி, அதற்கும் சேர்த்துக் கவர் வருகிற பாலிசியாகப் பார்த்து எடுங்கள்.

ஒரு கசப்பான அனுபவத்தையும் சொல்கிறேன். எங்களுக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட், பெயர் வேண்டாம், கப்பல் கிளம்புகிற அன்று காலையில் போய் இறங்குகிற மாதிரி விமானம் போட்டுவிட்டார். நாங்கள் வந்துவிட்டோம், அம்மாவின் பெட்டி வரவில்லை. கப்பல் பெட்டிக்காக நிற்குமா? ஒரு ஊருக்குப் பெட்டி வருகிறது என்பார்கள், நாங்கள் அந்த ஊரைத் தாண்டியிருப்போம். நாலு நாள் அம்மா என் மனைவியின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மாத்திரைக்கு அங்கேயே டாக்டரைப் பார்த்து, அழாத குறை. தயவுசெய்து இரண்டு நாள் முன்னாலேயே தங்கச்சி வீட்டில் போய் இறங்கிவிடுங்கள். மருந்தும் ஒரு மாற்று உடுப்பும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

எஞ்சின்ரூம்_குறும்பனை:

முட்டம் அண்ணே சொன்ன கடைசி வரியைத் தங்க எழுத்தில் எழுதி ஒட்டலாம். நான் பயணிகள் கப்பலில் எஞ்சின் பிரிவில் பதினோரு வருஷம், இப்போது ஊரில். உள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆட்டம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கீலிலிருந்து டென்மார்க் தீவுகளுக்கு நடுவே போகும் வரை குளம் மாதிரி இருக்கும். வழியில் கிரேட் பெல்ட் பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையும், நீர்மட்டத்திலிருந்து 65 மீட்டர் உயரம், புகைபோக்கி இடித்துவிடும் என்றுதான் கீழிருந்து பார்த்தால் தோன்றும், பையனை மேல்தளத்துக்குக் கூட்டிப் போங்கள். அதைத் தாண்டி ஸ்காகராக் நீரிணையும் வடகடலும் வரும்போது காற்று அடித்தால் ஆடும். பிறகு ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளமாகப் போகும் கடல், அதன் உள்ளே திரும்பினால் டம்ளர் தண்ணீர் தளும்பாது. ஆகவே தலைசுற்றல் மாத்திரையை முதல் ராத்திரியும் கடைசி நாளும் கைவசம் வையுங்கள், ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் சரியாக வேலை செய்யாது, முன்னாலேயே போட வேண்டும். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாக, லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள். முனையிலும் உச்சியிலும்தான் ஆட்டம் அதிகம்.

ஆறு பேருக்கு இரண்டு அறை. என் யோசனை, பால்கனி அறை ஒன்றை அப்பா அம்மாவுக்குக் கொடுத்து மகளை அவர்களோடு படுக்கவிட்டு, நீங்கள் எதிரிலேயே ஜன்னல் இல்லாத மலிவு அறை எடுங்கள். பகல் முழுக்க எல்லோரும் அந்தப் பால்கனியில்தான் இருப்பீர்கள். முட்டு வலிக்காரருக்குப் பால்கனி ஆடம்பரம் இல்லை, அவருக்கு அதுதான் பயணம்.

கப்பலுக்குள் அரிசி குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் விடமாட்டார்கள், தீ பயம். வீட்டில் செய்த முந்திரிக்கொத்தை அம்மா கட்டிக் கொடுப்பார், கடையில் சீல் வைத்த பாக்கெட் என்றால் பெரும்பாலும் விடுவார்கள், வீட்டுப் பண்டத்தை ஏறும் இடத்திலேயே எடுத்துவிடுவார்கள். பால், இறைச்சி சேர்ந்தது ஐரோப்பாவுக்குள்ளேயே போகாது. கரையை விட்டதும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், கப்பலின் செல்போன் நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்துக்கொண்டால் பில் பயங்கரமாக வரும். டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 15, 20 டாலர் கணக்கில் பல கம்பெனிகள் தனியாகச் சேர்ப்பார்கள், ஜெர்மன் கப்பல்களில் பல சமயம் கட்டணத்திலேயே அடக்கம், முன்னாலேயே கேளுங்கள். அதுபோல ஜெர்மன்காரர்களுக்கான கப்பல் என்றால் அறிவிப்பு, மெனு எல்லாம் ஜெர்மனில்தான். தங்கச்சி கூட வருகிறாளா?

இன்னொன்று, கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி வைப்பார்கள். 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு அது கப்பல் கிளம்புவதற்கு முன்பே, கட்டாயம். தூக்கக் கலக்கம் என்று அப்பா அம்மாவை அறையில் விட்டுவிடாதீர்கள், எந்தப் படிக்கட்டு எங்கே போகிறது என்று அவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

பார்வதிபுரம்_அக்கா:

அலாஸ்கா கேட்டீர்களே, மகள் சியாட்டிலில் இருப்பதால் நாங்கள் அங்கே போனோம். கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே, கடைசியில் கனடாவில் விக்டோரியா. கிளேசியர் பேயில் ஒரு பகல் முழுக்கக் கப்பல் நின்றும் நகர்ந்தும் காட்டியது. பனிச்சுவர் உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும், இடி மாதிரி சத்தம் அப்புறம்தான் வந்து சேரும். 1794இல் வான்கூவர் என்ற கேப்டன் வந்தபோது அந்த வளைகுடாவே ஏறக்குறைய முழுக்கப் பனியாக இருந்ததாம், இன்று பனி நூறு கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜூனோ மாநிலத் தலைநகரம், ஆனால் வெளியூரிலிருந்து ரோடே கிடையாது, கப்பல் அல்லது விமானம்தான்.

ஆனால் தம்பி, உங்களுக்கு அது சரிவராது. அமெரிக்க விசா, அதுவும் பலமுறை நுழைகிற விசா வேண்டும், கூடவே கனடா விசா. ஏன் கனடா என்றால், வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்காவில் ஏற்றி அமெரிக்காவிலேயே இறக்கினால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்று 1886லேயே சட்டம், அதற்காகத்தான் சியாட்டிலிலிருந்து போகும் கப்பல்கள் பெரும்பாலும் விக்டோரியாவுக்கு ராத்திரியிலாவது போய்த் திரும்புகின்றன. சியாட்டிலிலிருந்து போகும் கப்பல் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளியே திறந்த கடலில் போகும், எனக்கு ஒரு நாள் முழுக்கத் தலை தூக்க முடியவில்லை. தங்கச்சி ஹாம்பர்க்கில் இருக்கும்போது நார்வேதான் கைக்கு எட்டும் தூரம்.

தக்கலை_நண்பன்:

நல்ல இழை. எங்கள் வீட்டிலும் பேச்சு ஓடுகிறது. இரண்டு கேள்வி. ஹலால் சாப்பாடு? அப்புறம் சூரியனே மறையாத ஊர் என்கிறார்களே, தொழுகை நேரம்?

எஞ்சின்ரூம்_குறும்பனை:

ஹலால் இறைச்சி வேண்டும் என்று புக் செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள், சில கம்பெனி தரும், சில தராது. மீனும் காய்கறியும் தினமும் உண்டு, சமையலறையில் இந்தியர் இல்லாத பெரிய கப்பலை நான் பார்த்ததில்லை, போய்ப் பேசினால் பருப்பும் சோறும் வந்துவிடும். மறையாத சூரியன் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, டிரோம்ஸோ பக்கம், மே 20 சுமாரிலிருந்து ஜூலை 20 தாண்டி. தெற்கே பெர்கன் என்ற ஊர்ப் பக்கமே சுற்றும் ஏழு இரவுப் பயணத்தில் சூரியன் மறையும், ராத்திரி சிறியது, அவ்வளவுதான். வடக்கே போனால் பக்கத்து ஊர் நேரத்தையோ மக்கா நேரத்தையோ வைத்துக்கொள்பவர்கள் உண்டு, கிளம்பும் முன் உங்கள் உஸ்தாதிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூதப்பாண்டி_வயல்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. தங்கச்சி லீவு போட்டுக் கூட வருகிறாள், பாஷைப் பிரச்சினை இல்லை. கப்பல் போகும் ஊர்கள்: பெர்கன், ஃப்ளோம், கெய்ராங்கர், ஸ்டவாங்கர். ஒவ்வொரு ஊரிலும் சுற்றுலா என்று தனித்தனியாகக் காசு கேட்கிறார்கள், எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா? கெய்ராங்கரில் சின்னப் படகில் இறங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது, அப்பாவால் முடியுமா?

முட்டம்_கலங்கரை:

எல்லாம் எடுக்காதீர்கள் தம்பி. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நாங்கள் முதல் இரண்டு ஊரில் காலை எட்டு மணிக்கு அப்பா அம்மாவை எழுப்பி பஸ்ஸில் ஏற்றி இறக்கி அலைக்கழித்தோம், சாயங்காலம் கப்பல் மலைகளுக்கு நடுவே வெளியே வந்த மூன்று மணி நேரமும் அவர்கள் அசந்து தூங்கிவிட்டார்கள். எதைப் பார்க்கக் காசு கொடுத்தோமோ அது ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. அன்று ராத்திரியே மீதி டூரை எல்லாம் ரத்து செய்தோம். கப்பல் ஃபியோர்டுக்குள் நுழையும் நேரமும் வெளியேறும் நேரமும் முந்தின நாள் தரும் தாளில் இருக்கும், அதைச் சுற்றித்தான் தூக்கமும் சாப்பாடும் அமைய வேண்டும்.

ஃப்ளோமில் மட்டும் ரயில் எடுங்கள். கப்பல் நிற்கும் இடத்திலேயே ஸ்டேஷன், 20 கிலோமீட்டரில் கடல் மட்டத்திலிருந்து 866 மீட்டர் ஏறுகிறது, நடுவில் ஒரு பெரிய அருவிக்கு முன்னால் நிறுத்துவார்கள், நம்ம திற்பரப்பை நாலைந்து முறை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மாதிரி. உட்கார்ந்தபடியே எல்லாம் பார்க்கலாம். டிக்கெட்டை ஊரிலிருந்தே போட்டுவிடுங்கள், கப்பல் நாளில் கிடைக்காது. ஃப்ளோம் வரைக்கும் போகிற அந்தத் தண்ணீர் சோங்னே ஃபியோர்டின் கிளை, மொத்தம் 200 கிலோமீட்டருக்கு மேல் நிலத்துக்குள் போகிறது, ஆழம் 1,308 மீட்டர். அத்தனையும் பனியாறு அரைத்துத் தோண்டிய பள்ளம், பிறகு கடல் உள்ளே வந்தது. அப்பாவிடம் ஆழத்தைச் சொன்னபோது நம்பவில்லை, கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் அவ்வளவு ஆழமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கெய்ராங்கர் படகு பற்றி: விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் ஏறியவரால் இதிலும் ஏற முடியும், அந்த அளவு ஆட்டமும் இல்லை, இரண்டு பக்கமும் கைபிடித்து இறக்குவார்கள். சில கப்பலுக்கு மிதக்கும் பாலம் போடுவார்கள், நடந்தே இறங்கலாம். முட்டு ரொம்ப வலித்தால் இறங்கவே வேண்டாம், அங்கே பால்கனியே போதும்.

என் அப்பாவைக் கப்பலில் எழுப்பியது எது தெரியுமா? மூன்றாம் நாள் விடியற்காலை, கரை தெரிகிற நேரம், கப்பலுக்கு உள்ளூர்க் கடல்வழி காட்டும் பைலட்டை ஏற்றிக்கொண்டு சின்னப் பைலட் படகு ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் கப்பலை ஒட்டி வந்தது. மேலிருந்து கயிற்றேணியை விட்டார்கள். படகு ஏறி இறங்குகிறது, ஏணியின் கீழ்ப்படி அதற்கு மேலே தொங்குகிறது. அந்தப் பைலட் ஏணியைப் பிடிக்காமல் நின்றார், ஒரு அலை, இரண்டாவது அலை, மூன்றாவது அலை படகை உச்சிக்குத் தூக்கியபோது ஒரே எட்டு, ஏணியில் நின்றார். அப்பா கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்காமல், "தொழில்காரன்" என்றார். அதற்குப் பிறகு தினமும் யாரும் எழுப்பாமல் எழுந்து பைலட் படகுக்காக நின்றார்.

அப்புறம் பெர்கன். பிரிக்கன் என்ற பழைய மரக்கட்டட வரிசையைப் பாருங்கள், யுனெஸ்கோ 1979லேயே சேர்த்துக்கொண்டது. 1702 தீவிபத்துக்குப் பிறகு பழைய மாதிரியே திரும்பக் கட்டியது. அத்தனையும் எதனால் வந்தது என்கிறீர்கள்? கருவாட்டால். ஜெர்மன் வணிகர்கள் 1360 சுமாரில் அங்கே வியாபாரக் கூடம் போட்டு நானூறு வருஷம் கருவாடு வியாபாரம் செய்திருக்கிறார்கள். காட் என்ற மீனை வடக்கே லோஃபோட்டனில் பிப்ரவரியில் பிடித்து, தலையை எடுத்து, இரண்டிரண்டாக வாலைக் கட்டிப் பரணில் தொங்கவிட்டு மே வரை காய வைப்பது. உப்பே கிடையாது. குளிர் உறைநிலையை ஒட்டியே நிற்பதால் அழுகாது, ஈ வராது, கடல் காற்று ஈரத்தை இழுத்துவிடும். கடையில் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், விறகு மாதிரி தட்டினால் டக் டக் என்று சத்தம். அப்பா மோந்து பார்த்து, முதுகை நகத்தால் கீறி, நாக்கில் வைத்து, "உப்பில்லே, உப்பில்லவே இல்லே" என்று கடைக்காரப் பையனிடமே சொன்னார். அந்தப் பையனுக்கு என்ன புரிந்ததோ, உள்ளே போய் இன்னொரு பெரிய மீனை எடுத்து வந்து காட்டினான். இருவரும் அரை மணி நேரம் பாஷை இல்லாமலே பேசினார்கள்.

பூதப்பாண்டி_வயல்:

அண்ணே, இதை அப்படியே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டார், ஆனால் "அவர் கடல்காரர், நான் வயல்காரன், எனக்கு அங்கே என்ன" என்கிறார்.

முட்டம்_கலங்கரை:

அப்படியானால் கெய்ராங்கர் ஃபியோர்டில் ஸ்காகெஃப்ளோ என்று ஒரு பண்ணை இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். செங்குத்துப் பாறையில் 250 மீட்டர் உயரத்தில் ஒரு திட்டு, அதன் மேல் வீடும் ஆட்டுக் கொட்டிலும் கொஞ்சம் புல்வெளியும். கப்பலிலிருந்தே தெரியும். 1916 வரை அங்கே குடும்பம் இருந்தது. கீழே விழுந்துவிடாமல் சின்னப் பிள்ளைகளைக் கயிற்றில் கட்டி வைப்பார்களாம், வரி வசூலிக்க ஆள் வந்தால் ஏணியை மேலே இழுத்துவிடுவார்களாம், அங்கே எல்லோரும் சொல்லும் கதை இது. எதிர்க்கரையில் ஏழு சகோதரிகள் அருவி, அதன் பக்கத்திலும் ஒரு பண்ணை, பாறை சரியும் என்ற பயத்தில் விட்டுவிட்டுப் போனது. கப்பல் அந்த இடத்தில் மெதுவாகத்தான் போகும். ஒரு பைனாகுலர் வாங்கிக்கொள்ளுங்கள், அப்பாவுக்கென்று தனியாக.

பார்வதிபுரம்_அக்கா:

தம்பி, அம்மாவின் இன்சுலினை மறந்துவிடாதீர்கள். டாக்டர் சீட்டில் மருந்தின் வேதிப்பெயரை ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள், விமானத்தில் பெட்டியில் போட்டால் உறைந்துவிடலாம், கைப்பையிலேயே இருக்கட்டும். அறையில் உள்ள சின்ன ஃபிரிட்ஜ் சில கப்பலில் சரியாகக் குளிராது, முதல் நாளே அறைப் பணியாளரிடம் சொல்லுங்கள். புடவைக்குள் கம்பளி லெக்கிங்ஸ், காதை மூடும் தொப்பி, மழைக்கோட்டு. பெர்கனில் வருஷத்தில் 200 நாளுக்கு மேல் மழை. குடை வேண்டாம், காற்றில் நிற்காது.

பூதப்பாண்டி_வயல்:

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பையன் அந்தப் பண்ணைப் படத்தை டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டினான். அப்பா எழுந்து பக்கத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார், "மண்ணை எங்கேருந்துலே மேலே சுமந்தான்? இவ்வளவு சரிவிலே தண்ணி எப்படி நிக்கும்?" எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. காலையில் காபி குடிக்கும்போது என் மனைவியிடம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க எங்கே போகணும் என்று கேட்டிருக்கிறார்.

ஷெங்கன் அப்பாயின்ட்மென்ட் ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பார்க்கிறேன். இரண்டு அறையும் எதிரெதிராகக் கேட்டு எழுதியாகிவிட்டது, பால்கனி அப்பா அம்மாவுக்கு. குறும்பனை அண்ணே, ஒரே ஒரு சந்தேகம்: கெய்ராங்கர் உள்ளே போகும்போது அந்தப் பண்ணை இடது பக்கம் வருமா வலது பக்கம் வருமா, அறையை அந்தப் பக்கமாகக் கேட்கலாமா?

எஞ்சின்ரூம்_குறும்பனை:

உள்ளே போகும்போது வலது பக்கம் பண்ணை, இடது பக்கம் ஏழு சகோதரிகள். வெளியே வரும்போது மாறிவிடும். ஆகவே எந்தப் பக்கம் கிடைத்தாலும் எடுங்கள், ஒருமுறை பால்கனி, ஒருமுறை மேல்தளம். லிஃப்ட் போகும், அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள்.